புதைத்து வைத்த தாலந்து

பல ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், அப்பங்கின் தொடக்கப்பள்ளிக்குத் தாளாளர் பொறுப்பும் நம்மிடமே இருந்தது. ஐந்து வகுப்புகள், மூன்று ஆசிரியைகள், நீண்டதோர் ஓட்டுக் கட்டடம். தலைமையாசிரியையின் மேசைக்குப் பின்னால் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று. அதனுள்ளே 186 கதைநூல்கள். சில அரசு வழங்கியவை. சில ஒரு நன்கொடையாளர் தம் தாயாரின் நினைவாக வாங்கித் தந்தவை. சாவிகள் இரண்டு: ஒன்று தலைமையாசிரியையிடம், மற்றொன்று நம்மிடம்.

ஆண்டுத் தணிக்கை நெருங்கிய ஒரு வாரத்தில் எண்ணிப் பார்த்தபோது 185 நூல்களே இருந்தன. காணாமற்போன நூல் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில் கிடைத்தது. பீரோவைத் துடைக்கத் திறந்த வேளையில் எடுத்திருக்கிறான். அவனுடைய தந்தையை அழைத்துவரச் சொன்னோம். செங்கற்சூளையில் வேலை செய்பவர் அவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். "அவன் திருடலை சாமி. வாசிச்சு முடிச்சதும் வச்சிரணும்னுதான் எடுத்திருக்கான். இன்னும் நாலு பக்கம் இருக்காம்" என்றார். விதி விதிதான் என்றோம் நாம். நூலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினோம். பையனைக் கண்டித்து அனுப்பினோம். தணிக்கையாளர் வந்தார், இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தார், பாராட்டிச் சென்றார்.

அப்பங்கிலிருந்து மாற்றலாகிப் பொறுப்பை ஒப்படைத்த நாளில் அந்த 186 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எண்ண நேர்ந்தது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஒரு நூலின் அட்டைகூடக் கிழியவில்லை. பல நூல்களின் பக்கங்கள் அச்சகத்தில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன. ஒரே ஒரு நூலில் மட்டும் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. முடிவுக்கு நான்கு பக்கங்கள் முன்னதாக. அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு நாம் நின்ற நேரம் சிறிதுதான். ஆயினும் அன்று எழுந்த கேள்வி இன்றளவும் நம்மை விட்டகலவில்லை. அக்கேள்வியை வாசகர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் யாரிடமிருந்து எடுத்தது?

கட்டளைகளுள் ஒன்று, களவு செய்யாதிருக்கப் பணிக்கிறது. அதன்படி அச்சிறுவன் குற்றவாளி என்று எளிதாகத் தீர்ப்பிட்டோம். ஆனால் குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதன்று. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த புனித பெரிய பசிலியார், பெட்டியில் பூட்டப்பட்டுக் கிடக்கும் ஆடை, உடுத்த ஆடையின்றி நடுங்குபவனுக்கே உரியது என்னும் பொருள்படச் செல்வர்களை நோக்கி மறையுரை ஆற்றினார். உலகின் பொருள்கள் அனைத்தும் அனைவரது வாழ்வுக்காகவும் படைக்கப்பட்டவை. எவருக்கும் பயன்படாதபடி அவற்றை முடக்கி வைப்பவரும் பிறருக்குரியதைப் பற்றிக்கொண்டிருப்பவரே என்பது திருச்சபைத் தந்தையரின் தெளிவான போதனை.

ஆடைக்குச் சொன்னதை நூலுக்கும் சொல்லலாகாதா? கதைநூல் இல்லாமல் எவரும் இறப்பதில்லை. பசியோடு இதனை ஒப்பிடுவது மிகையே. ஆயினும் அந்நூல்கள் யாருக்காக வாங்கப்பட்டன? குழந்தைகளுக்காக. யாருக்குக் கிடைக்கவில்லை? குழந்தைகளுக்கு. அப்படியாயின் அந்தப் பள்ளியில் களவு ஒன்று நிகழ்ந்திருந்தால், அது பையனின் பையில் நிகழ்ந்ததா, பீரோவின் பூட்டில் நிகழ்ந்ததா?

சீர்காழியில் 1892இல் பிறந்து, இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளன என்பது. இதைச் சொல்ல ஓர் அறிஞர் வேண்டுமா எனச் சிலர் எண்ணலாம். இடைக்கால ஐரோப்பாவில் கோவில்களிலும் துறவு மடங்களிலும் நூல்கள் இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தின் ஹெரிபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கிலி, நூல் வெளியே போகாமல் தடுத்ததேயன்றி, வந்தவர் அதனைத் திறந்து வாசிப்பதைத் தடுக்கவில்லை. அந்தத் துறவியர் நம்மைக் காட்டிலும் தாராளமாய் இருந்தனர் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தானே வாசித்தல் என்றால் என்ன?

நம் பள்ளிகளில் வாசிப்பே இல்லை என்று எவரும் கூறமுடியாது. ஆசிரியை ஒரு வரி சொல்ல, நாற்பது குரல்கள் அதனைத் திருப்பிச் சொல்லும் ஓசை தெருக்கோடிவரை கேட்கிறது. அதுவும் தேவையே. ஆயினும் கூட்டக்குரலில் மறைந்துகொண்டு ஆண்டு முழுவதும் ஒரு சொல்லைக்கூடப் படிக்காமலேயே ஒரு குழந்தை தப்பிவிட இயலும். தானே வாசித்தல் வேறு. குழந்தை தானே ஒரு நூலைத் தெரிந்துகொள்கிறது. தனக்கேற்ற வேகத்தில் படிக்கிறது. விரும்பிய இடத்தில் நிற்கிறது. பிடித்த பக்கத்திற்குத் திரும்புகிறது. அந்நேரத்தில் அதனிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை.

இப்படி வாசிப்பவர் ஒருவரைப் பற்றிய புகழ்பெற்ற சித்திரம் புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியில் உள்ளது. மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார் வாசிக்கும்போது அவர் கண்கள் பக்கத்தின்மீது செல்லும்; உள்ளம் பொருளைத் தேடும்; நாவும் குரலும் ஓய்ந்திருக்கும். அவரைக் காண எவரும் தடையின்றி உள்ளே செல்லலாம். ஆயினும் அந்த அமைதியைக் கலைக்கத் துணியாமல், அகுஸ்தினாரும் பிறரும் நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டு ஓசையின்றி எழுந்து போவார்களாம். குரலெடுத்து வாசித்தால் கேட்பவர்கள் விளக்கம் கேட்டு இடைமறிப்பார்கள் என அவர் தவிர்த்திருக்கலாம் என்றும், எளிதில் கம்மிவிடும் தம் குரலைக் காத்துக்கொள்ள விரும்பியிருக்கலாம் என்றும் அகுஸ்தினார் ஊகிக்கிறார். காரணம் எதுவாயினும் அது நல்லதாகவே இருக்கும் என்று விட்டுவிடுகிறார்.

வாசிப்பவரைத் தனியே விட்டு எழுந்து போன அந்த மரியாதையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆயருக்குக் காட்டிய அந்த மரியாதையை எட்டு வயதுக் குழந்தைக்கு நாம் காட்டுகிறோமா? வீட்டின் மூலையில் ஒரு பிள்ளை கதைநூலோடு அமர்ந்திருந்தால், "பாடத்தைப் படி" என்றோ, "கடைக்குப் போய் வா" என்றோ எழுப்பிவிடுவதுதானே நம் வழக்கம்?

கட்டாயத்தால் விருப்பம் பிறக்குமா?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வாசிப்புப் பழக்கம் நல்லதெனில் அதனைக் கட்டாயமாக்கினால் என்ன? நாள்தோறும் பத்துப் பக்கம், வாரந்தோறும் ஒரு சுருக்கம், தவறினால் தண்டனை என்று வைத்தால் பழக்கம் வந்துவிடாதா?

பழக்கத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்கள் அரிஸ்டாட்டிலும் அவரைப் பின்பற்றிய புனித தோமா அக்குவினாரும். மீண்டும் மீண்டும் செய்யும் செயலே பண்பாக ஊன்றுகிறது என்பதை இருவரும் ஏற்கின்றனர். அவ்வகையில் நாள்தோறும் செய்தல் இன்றியமையாதது. ஆனால் பண்பு ஊன்றிவிட்டதா என அறிய அரிஸ்டாட்டில் காட்டும் அடையாளம், அச்செயலில் காணும் இன்பம். மகிழ்வின்றிச் செய்பவனிடத்தில் செயல் இருக்கிறது. பண்பு இன்னும் பிறக்கவில்லை. தண்டனைக்கு அஞ்சிப் படிக்கும் குழந்தை தண்டிப்பவர் இல்லாத நாளில் நூலை மூடிவிடும். தேர்வு முடிந்த மாலையில் பாடநூல்களைக் கிழித்தெறியும் மாணவர்களை நாம் கண்டதில்லையா? பன்னிரண்டு ஆண்டுகள் படித்ததன் பின் அவர்களிடம் எஞ்சிய பழக்கம் அது.

அகுஸ்தினாரும் இதற்குச் சான்று. பிரம்படிக்கு அஞ்சிப் பள்ளி சென்ற சிறுவன் அவர். அடியும் மிரட்டலுமாய்க் கற்பிக்கப்பட்ட கிரேக்க மொழியை அவர் வெறுத்தார். செவிலியரின் கொஞ்சலுக்கிடையே அச்சமின்றிக் கற்ற இலத்தீன் மொழியோ அவரது உயிரோடு கலந்தது. மொழியைக் கற்க அச்சத்தைவிடத் தடையற்ற ஆர்வமே மிகுந்த ஆற்றலுடையது என்று அவர் முடிவுக்கு வருகிறார். ஆனால் அங்கேயே, கட்டற்ற ஆர்வத்திற்கும் ஒழுங்கு என்னும் கரை வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது நேர்மையாகாது.

எனவே ஆசிரியரின் பணி என்ன? அக்குவினார் தம் 'உண்மை பற்றிய வினாக்கள்' நூலில் ஆசிரியரை மருத்துவருக்கு ஒப்பிடுகிறார். நோயைக் குணமாக்குவது உடலின் உள்ளாற்றல். மருத்துவர் அதற்குத் துணை செய்கிறார். அவ்வாறே அறிவது மாணவனின் உள்ளறிவு. ஆசிரியர் துணை நிற்கிறார். குழந்தைக்குப் பதிலாக நாம் மருந்துண்ண முடியாது. குழந்தைக்குப் பதிலாக நாம் வாசிக்கவும் முடியாது. நேரத்தைக் கட்டாயமாக்கலாம்; நூலைக் கட்டாயமாக்காதிருக்கலாம். மணியடித்தவுடன் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. எதை வாசிப்பது என்பது அவரவர் உரிமை.

இரண்டு எதிர்ப்புகள்

இதனைக் கேட்கும் ஆசிரியப் பெருமக்கள் இரண்டு எதிர்ப்புகளை முன்வைப்பர். இரண்டும் வலுவானவை.

முதலாவது: எழுத்துக்கூட்டவே தெரியாத குழந்தையிடம் நூலைக் கொடுத்து அமைதியாக இரு என்றால் அது என்ன செய்யும்? படம் பார்க்கும், பக்கத்தைப் புரட்டும், வாசிப்பதுபோல் நடிக்கும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை இதனை உறுதி செய்கிறது. வழிகாட்டுதலின்றி அமைதியாக வாசிக்கவிடுவது மட்டுமே வாசிப்புத் திறனை வளர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அக்குழு கூறிற்று. வழிகாட்டுதலோடு வாய்விட்டு வாசிக்கச் செய்வதற்கோ சான்று இருந்தது. நம் நாட்டு நிலையும் கவலைக்குரியதே. இந்தியச் சிற்றூர்களில் 2018இல் நடந்த அசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரே இரண்டாம் வகுப்புப் பகுதியை வாசிக்க வல்லவராயிருந்தனர்.

ஆகவே எழுத்தைக் கற்பிக்கும் கடமையைத் தன்விருப்ப வாசிப்பு நீக்கிவிடாது. சுதந்திரம் என்பது கைவிடுதல் அன்று. நடக்கக் கற்பிக்கும்போது கையைப் பிடிக்கிறோம். கற்றபின் கையை விடுகிறோம். பிடிக்காமல் விட்டால் குழந்தை விழும்; விடாமல் பிடித்தால் குழந்தை நடக்காது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், சிறு நூல்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிகளாக வகுத்திருப்பது இதனை உணர்ந்தே எனலாம். நுழையவேண்டிய குழந்தையிடம் பறக்கவேண்டிய நூலைத் திணிப்பது கொடுமை. பறக்கவல்ல குழந்தையை நுழைவாயிலிலேயே நிறுத்தி வைப்பதும் கொடுமையே.

இரண்டாவது எதிர்ப்பு: குழந்தை தீய நூலைத் தெரிந்துகொண்டால்? திருச்சபை இக்கேள்வியை நெடுங்காலம் சுமந்தது. திருத்தந்தை நான்காம் பவுல் 1559இல் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டார். நான்கு நூற்றாண்டுகள் நீடித்த அப்பட்டியல், திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் 1966இல் சட்டவலிமை இழந்தது. தீய நூலே இல்லை என்று திருச்சபை முடிவு செய்துவிடவில்லை. நம்பிக்கையையும் நல்லொழுக்கத்தையும் கெடுப்பவற்றைத் தவிர்க்கும் பொறுப்பு, பயிற்றுவிக்கப்பட்ட மனச்சான்றைச் சார்ந்தது என்று கருதிற்று. குழந்தையின் மனச்சான்று முதிர்ந்ததன்று என்பது உண்மை. ஆகவே அலமாரியில் எவை இடம்பெற வேண்டும் என்பதைப் பெரியோர் தீர்மானிக்கலாம், தீர்மானிக்க வேண்டும். ஆனால் அலமாரிக்குள் எதை எடுப்பது என்பதைக் குழந்தைக்கு விட்டுவிட வேண்டும். தெரிந்துகொள்ளும் பழக்கமே இல்லாமல் வளர்ந்தவனிடம் பதினெட்டு வயதில் முதிர்ந்த மனச்சான்றை எதிர்பார்ப்பது எவ்வாறு?

புனித இஞ்ஞாசியாரின் வாழ்வு இதற்கு நல்ல விளக்கம். 1521இல் பாம்பலோனாப் போரில் கால் முறிந்து லொயோலா மாளிகையில் படுத்திருந்த அவர், வீரக் கதைகளையே கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் சரிதையும்தான் இருந்தன. அவற்றை வாசித்தார், நூலை வைத்துவிட்டு நெடுநேரம் சிந்தித்தார். வீரச் செயல்களைப் பற்றிய கனவுகள் அப்போதைக்கு இனித்துப் பின்னர் வறட்சியைத் தருவதையும், புனிதரைப் பின்பற்றும் எண்ணம் பின்னரும் நிறைவைத் தருவதையும் தாமே கண்டுகொண்டார். ஆவிகளைத் தேர்ந்தறிதல் என்னும் அவரது போதனையின் வித்து அதுவே. வீட்டார் செய்தது நல்ல நூல்கள் இருக்கச் செய்ததும், அவரை வாசிக்க விட்டதும்தான். முடிவில் நீதி என்ன என்று எவரும் அவரிடம் தேர்வு வைக்கவில்லை.

மத்தேயு கூறும் எச்சரிக்கை

1986இல் கல்வி உளவியலறிஞர் கீத் ஸ்டானோவிச் எழுதிய கட்டுரை ஒன்று, வாசிப்பில் நிகழும் ஒரு போக்கிற்குப் புனித மத்தேயுவின் பெயரைச் சூட்டிற்று. உள்ளவருக்கு மேலும் கொடுக்கப்படும், இல்லாதவரிடமிருந்து உள்ளதும் எடுக்கப்படும் என்னும் நற்செய்தி வாக்கை மனத்திற்கொண்டு அவர் அவ்வாறு பெயரிட்டார். நன்கு வாசிக்கும் குழந்தை விரும்பி வாசிக்கிறது. அதனால் சொல்வளம் பெருகுகிறது. ஆகவே இன்னும் நன்கு வாசிக்கிறது. இடறும் குழந்தை நூலைத் தவிர்க்கிறது; அதனால் மேலும் பின்தங்குகிறது. முதல் வகுப்பில் விரலளவாய் இருக்கும் இடைவெளி, ஐந்தாம் வகுப்பில் பள்ளத்தாக்காகி விடுகிறது. வீட்டில் நூலுள்ள குழந்தைக்குப் பள்ளி பீரோ பூட்டியிருந்தாலும் இழப்பில்லை. செங்கற்சூளைத் தொழிலாளியின் மகனுக்கோ அந்த பீரோ ஒன்றே கதவு.

அந்த வாக்கு நற்செய்தியில் இருமுறை வருகிறது. இரண்டாம் முறை அது தாலந்து உவமையின் முடிவில் வருகிறது. அங்கே கண்டிக்கப்படுபவன் யார்? தன்னிடம் ஒப்படைத்ததைத் தொலைத்தவன் அல்லன், செலவழித்தவனும் அல்லன். தலைவருக்கு அஞ்சி, அதனை மண்ணில் புதைத்து வைத்து, குறையாமல் திருப்பித் தந்தவன். நம்மை நாமே அவனிடத்தில் கண்டோம். 186 நூல்களையும் குறையாமல் ஒப்படைத்தோம் அல்லவா? தணிக்கைக்கு அஞ்சினோம். காணாமற்போன நூலுக்கு விளக்கம் கேட்பார்கள் என அறிந்திருந்தோம். படிக்கப்படாத நூலுக்கு விளக்கம் கேட்பவர் எவரும் இல்லை என்பதையும் அறிந்திருந்தோம்.

இங்கு ஆசிரியைகளின் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். நூல் தொலைந்தால் அதன் விலையைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டுமோ என அஞ்சும் ஒருவரைப் பீரோவைத் திறந்து வைக்கச் சொல்வது நேர்மையன்று. பொறுப்பிலிருப்பவர் முதலில் அந்த அச்சத்தை நீக்க வேண்டும். ஆண்டுக்குச் சில நூல்கள் கிழியும், சில தொலையும் என்று முன்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும். சுண்ணக்கட்டி தேய்வதற்கு நாம் யாரையும் கடிந்துகொள்வதில்லையே.

செய்யக்கூடியவை

1988இல் ஜப்பானின் சீபா மாநிலத்தில் பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் காலை வாசிப்பு என்னும் வழக்கம் தொடங்கி, பின்னர் அந்நாட்டின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம். அதன் நெறிகள் நான்கே: எல்லாரும் வாசிக்க வேண்டும், ஆசிரியர் உட்பட, நாள்தோறும் வாசிக்க வேண்டும், தமக்குப் பிடித்த நூலை வாசிக்க வேண்டும், வாசித்தால் மட்டும் போதும், கட்டுரை எழுத வேண்டியதில்லை. பெரும் பொருட்செலவு இதற்கு இல்லை. கடினமானது ஒன்றே: ஆசிரியரும் உண்மையாக வாசிப்பது. அப்பத்து நிமிடத்தில் வருகைப்பதிவேட்டை முடிப்பவரைப் பார்க்கும் குழந்தை, வாசிப்பு பிறருக்கு ஏவும் வேலை என்றே கற்றுக்கொள்ளும்.

தெரிந்துகொள்ளக் குழந்தைக்கு உதவ எளிய வழியும் உண்டு. ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லலாம். புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் இப்போதைக்குக் கடினம், வேறொன்றை எடுக்கட்டும். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலில் வாசகரின் உரிமைகள் பத்து என வகுத்தார். பக்கங்களைத் தாண்டிச் செல்வதும், முடிக்காமல் விடுவதும் அவற்றுள் அடங்கும். பெரியோராகிய நாம் நாள்தோறும் துய்க்கும் உரிமைகள்தாமே இவை?

பள்ளிக்கு மட்டும் உரிய கடமையன்று இது. பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை வலியுறுத்துகிறது. முதல் நன்மை நாளிலும் பிறந்த நாளிலும் பிள்ளைக்குத் துணிமணி எடுக்கும் நாம், உடன் ஒரு நூலும் வாங்கலாம். அதனைப் பிள்ளையே கடையில் தெரிந்தெடுக்க விடலாம். இரவில் பத்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவைக்கலாம். எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோரும் பிள்ளை வாசிப்பதைக் கேட்டிருக்கலாம். அதற்கு எழுத்தறிவு தேவையில்லை, பொறுமை போதும்.

இப்போது நாம் பணியாற்றும் பங்கின் பள்ளியில் பீரோவின் கதவுகளைக் கழற்றிவிட்டோம். சென்ற ஆண்டு பதினொரு நூல்கள் தொலைந்தன. பல நூல்களின் அட்டைகளில் குழம்புக் கறை. பதிவேட்டில் ஒவ்வொன்றின் எதிரிலும் 'வாசிக்கப்பட்டுத் தேய்ந்தது' அல்லது 'திரும்பவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அந்தக் கையொப்பங்களைப் பற்றி நமக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றில். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகன் இப்போது முழு வயது இளைஞனாயிருப்பான். எங்கிருக்கிறான் என்று நாம் அறியோம். அவன் அந்தக் கதையை வேறெங்கேனும் முடித்திருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். ஒரு குழந்தையிடம் நூலை மீண்டும் கொடுக்கலாம். ஒன்பது வயதில் ஓர் இரவு அந்த நான்கு பக்கங்களுக்காக ஏங்கிய ஏக்கத்தை மீண்டும் கொடுக்க இயலாது. பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ பேருக்கு இழப்பை ஈடுசெய்யும் கடமையை நாம் நினைவூட்டியிருக்கிறோம். இந்த இழப்பை அவனுக்கு எவ்வாறு ஈடுசெய்வது என்று நமக்குத் தெரியவில்லை. அவனுக்குச் செய்ய இயலாததை இப்போது நம் கண்முன் இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்கிறோம். உங்கள் பங்கிலும் உங்கள் இல்லத்திலும் பூட்டிய அலமாரி ஒன்று இருக்குமாயின், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். அது உங்களிடமே இருக்கக்கூடும்.